யந்திர மகாநாட்டு மேடை: காட்டுவதா? மயக்குவதா?

இக்காலத்தில் மகாநாடுகளுக்குக் குறைவில்லை. கம்ப்யூட்டர் மகாநாடு என்றும், செயற்கை அறிவு மகாநாடு என்றும், புதுத்தொழில் மகாநாடு என்றும் பெரிய பட்டணங்களில் அடிக்கடி கூடுவதாகப் பத்திரிகைகளில் காண்கிறோம். அவற்றில் ஒரு புதுக் கருவியையோ அல்லது ஒரு புது முறையையோ கண்டுபிடித்திருப்பதாகச் சொல்லுகிறவர் மேடைமீதேறி, தமக்குப் பின்னால் பெரிய திரையில் படங்கள் ஓட, இருபது நிமிஷமோ ஒரு மணி நேரமோ பேசுகிறார். கேட்கிறவர்கள் கை தட்டுகிறார்கள். மறுநாள் பத்திரிகைகள் புகழுகின்றன. அதற்கடுத்த நாள் பணக்காரர்கள் பணம் போடுகிறார்கள். சர்க்கார்கள் ஜனங்களின் வரிப்பணத்தைக் கொண்டு அச்சாமானை வாங்குகின்றன. கடைசியாக ஆஸ்பத்திரியிலும், பள்ளிக்கூடத்திலும், ரேஷன் கடையிலும் ஏழை மக்களின் தலையில் அது வந்து இறங்குகிறது. ஆகவே, அம்மேடையில் பேசப்படுவது படித்தவர்கள் விவகாரம், நமக்கு அதில் சம்பந்தமில்லை என்று எவரும் நினைத்துவிடக் கூடாது. அதைப்பற்றிச் சில வார்த்தைகள் எழுதுவது அவசியமென்று கருதுகிறோம்.

முதலாவதாக ஒன்று சொல்லிவிடுகிறோம். இம்மாதிரி மகாநாடுகளே கூடாதென்பது நமது அபிப்பிராயமல்ல. பல இடங்களில் தனித்தனியே பாடுபடுகிறவர்கள் ஓரிடத்தில் கூடி, தாங்கள் கண்டதைச் சொல்லி, பிறர் கண்டதைக் கேட்டு, பிசகு இருந்தால் திருத்திக்கொள்வது அறிவு வளர்ச்சிக்கு மிகவும் அவசியமானதேயாகும். நம் நாட்டிலேயே, கம்ப்யூட்டரில் தமிழ் எழுதுவதற்கு ஆளுக்கொரு விசைப்பலகையும் கம்பெனிக்கொரு எழுத்துக் குறியீடுமாக இருந்து, ஒருவர் அடித்ததை மற்றொருவர் திறந்து பார்த்தால் ஒன்றுமே படிக்க முடியாத அலங்கோலமாய்த் தெரிந்த காலம் ஒன்றிருந்தது. 1999-ம் வருஷம் பிப்ரவரி மாதம் சென்னையில் தமிழிணைய மகாநாடு கூடி அவ்விஷயத்தை ஆராய்ந்ததன் பலனாகவே "தமிழ் 99" என்கின்ற பொது விசைப்பலகை ஏற்பட்டது. எனவே, கூடுவதும் பேசுவதும் வீண் வேலை என்று நாம் சொல்ல வரவில்லை. மேடையேறுகிறவன் எதைக் காட்டவேண்டும், கீழே உட்கார்ந்திருப்பவன் எதைக் கேட்கவேண்டும் என்பதுதான் இங்கு கேள்வி.

மாட்டுச் சந்தைக்குப் போகும் ஒரு சாதாரணக் குடியானவனைப் பாருங்கள். தரகன் எவ்வளவு வர்ணித்தாலும் அவன் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான். நடக்கவிட்டுப் பார்க்கிறான். வண்டியில் பூட்டி ஓட்டிப் பார்க்கிறான். (சுழி பார்ப்பதையும் ஒருவன் செய்கிறான். அந்த மூடத்தனத்தை நாம் ஒப்புக்கொள்ளவில்லை.) "பல்லையெல்லாம் பார்க்காதே, நான் சொல்லுவதை நம்பு" என்று தரகன் சொன்னால், கயிற்றை அவன் கையிலேயே கொடுத்துவிட்டு அடுத்த மாட்டுக்குப் போய்விடுகிறான். எழுத்து வாசனையில்லாத குடியானவனுக்கு உள்ள இந்தப் புத்தி, குளிர்சாதன மண்டபத்தில் கோட்டும் சூட்டும் போட்டு உட்கார்ந்திருக்கும் கனவான்களுக்குப் பல சமயங்களில் இல்லாமற்போகிறது. ஏன் இல்லாமற்போகிறது என்பதைத்தான் நாம் யோசிக்கவேண்டும்.

மேடையில் எப்படிப் பேசவேண்டுமென்பதற்கு ஒரு நல்ல உதாரணம் அமெரிக்காவில் நடந்திருக்கிறது. 1968-ம் வருஷம் டிசம்பர் மாதம் 9-ந் தேதி சான்பிரான்சிஸ்கோ நகரில் கம்ப்யூட்டர் நிபுணர்களின் மகாநாடு ஒன்று கூடிற்று. அதில் டக்ளஸ் எங்கெல்பார்ட் என்னும் என்ஜினீயர் சுமார் 90 நிமிஷ நேரம் பேசினார். அக்காலத்தில் கம்ப்யூட்டர் என்பது ஒரு அறையை அடைத்துக்கொள்ளும் யந்திரம். அட்டைகளில் துளையிட்டு உள்ளே கொடுத்துவிட்டு, காத்திருந்து விடை வாங்கிக்கொண்டு போவதுதான் பெரும்பாலான இடங்களில் வழக்கம். அப்படிக்கில்லாமல், மனிதன் அதன் எதிரிலேயே உட்கார்ந்து, எழுதி, அழித்து, இடம் மாற்றி, தன் யோசனைக்கு உதவியாக அதை வைத்துக்கொள்ளலாம் என்பது எங்கெல்பார்ட்டின் கொள்கை. அதை அவர் 1962-லேயே எழுதி வெளியிட்டுமிருந்தார்.

வேறொருவராயிருந்தால், வரப்போகும் காலத்தைப்பற்றி அழகாக வர்ணித்துவிட்டு இறங்கியிருப்பார். எங்கெல்பார்ட் அப்படிச் செய்யவில்லை. செய்து காட்டினார். அவருடைய கம்ப்யூட்டரோ 30 மைலுக்கு அப்பால் மென்லோ பார்க் என்னும் ஊரில், ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வரமுடியாது. ஆதலால் பில் இங்கிலீஷ் என்னும் அவருடைய சகா, மைக்ரோவேவ் அலைமூலம் படத்தை அங்கிருந்து இங்கு கொண்டுவரவும், மேடையில் தட்டும் விசைகளைக் கம்பிமூலம் இங்கிருந்து அங்கு அனுப்பவும் ஏற்பாடு செய்தார். 22 அடித் திரையில் எங்கெல்பார்ட்டின் முகமும் அவர் எழுதும் எழுத்தும் சேர்ந்தாற்போல் தெரிந்தன. சுமார் ஆயிரம் நிபுணர்கள் அதைப் பார்த்தார்கள்.

அங்கே அவர் என்ன காட்டினார்? வானத்தை வில்லாக வளைத்தாரா? இல்லை. வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போகவேண்டிய சாமான்களின் பட்டியலை எடுத்துக்கொண்டார். அதை எல்லோர் கண்ணெதிரிலும் அடித்தார்; மாற்றினார்; இனம் இனமாகப் பிரித்தார். வீட்டுக்குப் போகும் வழியைப் படமாகக் காட்டி, அதில் ஓரிடத்தைத் தொட்டால் அவ்விடத்து விவரம் வரும்படி செய்தார். மென்லோ பார்க்கில் இருந்த சகாக்களைத் திரையில் கொண்டுவந்து பேசவைத்தார். இங்கிருந்தும் அங்கிருந்தும் ஒரே எழுத்தை இருவர் பார்த்து வேலை செய்யலாமென்று காட்டினார். இன்று நாம் மவுஸ் என்று சொல்லும் கருவி அன்றுதான் சபையின்முன் முதன்முதலாக வந்தது. அதற்கு அந்தப் பெயர் எப்படியோ வந்துவிட்டது, தாங்களும் மாற்றவில்லை என்று மேடையிலேயே ஒளிக்காமல் சொன்னார். இவ்வளவும் எப்படிச் செய்யப்பட்டதென்பதை அவரும் பில் இங்கிலீஷும் வியாசமாக எழுதி, அது அம்மகாநாட்டுப் புத்தகத்தில் அச்சாகியும் இருக்கிறது. சந்தேகப்படுகிறவன் படித்துப் பார்க்கலாம். கெட்டிக்காரன் தானே செய்தும் பார்க்கலாம்.

இதில் அவர் ஏற்றுக்கொண்ட ஆபத்தை வாசகர்கள் கவனிக்கவேண்டும். அந்த ஆராய்ச்சிக்குச் செலவானது அமெரிக்க சர்க்கார் பணம். 30 மைல் தூரத்தில் எங்கேனும் ஒரு கம்பி அறுந்திருந்தால், அல்லது அந்த யந்திரம் நடுவில் நின்றிருந்தால், ஆயிரம் நிபுணர்கள் மத்தியில் அவமானப்பட்டிருப்பார். அப்படியிருந்தும் மெய்யான யந்திரத்தையே ஓட்டினார். முடிந்தவுடன் சபையோர் எழுந்து நின்று கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் வாய்ச்சாலத்திற்காகக் கிடைத்ததல்ல. கண்ணால் கண்டதற்காகக் கிடைத்தது. அதற்கு அடுத்த வருஷம் 1969 அக்டோபர் 29-ந் தேதி, இன்றைய இண்டர்நெட்டுக்கு மூலமான வலையில் முதல் செய்தி வந்து சேர்ந்த இடம் அவருடைய ஆராய்ச்சிசாலையேயாகும்.

"அவரும் ஒத்திகை பார்த்துத்தானே வந்தார்? அதுவும் ஒரு நாடகந்தானே?" என்று சிலர் கேட்கலாம். ஒத்திகை பார்ப்பது குற்றமல்ல. கையிலுள்ள சாமானைச் சரியாகக் காட்டுவதற்குப் பழகிக்கொள்வது ஒன்று. கையில் இல்லாத சாமானை இருப்பதாகக் காட்டுவதற்குப் பழகிக்கொள்வது மற்றொன்று. முன்னது வேலை, பின்னது மோசடி. தவிரவும், மேடையில் யந்திரம் தவறிப்போவதும் ஒரு கேவலமல்ல. 1998-ம் வருஷம் ஏப்ரல் மாதம் சிக்காகோவில் நடந்த கம்ப்யூட்டர் பொருட்காட்சியில், மைக்ரோசாப்ட் கம்பெனித் தலைவர் பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்க, அவருடைய ஆள் விண்டோஸ் 98-ஐக் காட்டுவதற்காக ஒரு ஸ்கேனரை மாட்டினார். உடனே திரை முழுவதும் நீலமாகி யந்திரம் நின்றுவிட்டது. சபை சிரித்தது. இதனால்தான் இன்னும் விற்பனைக்கு விடவில்லை போலிருக்கிறது என்று கேட்ஸும் சொல்லிவிட்டுத் தொடர்ந்து நடத்தினார். ஜூன் மாதத்தில் அச்சாமான் விற்பனைக்கு வந்தது. மெய்யான யந்திரத்தை ஓட்டியதால்தான் அது மெய்யாகவே நின்றது. நிற்கவே முடியாதபடி முன்னேற்பாடு செய்யப்பட்ட காட்சியைக் கண்டால்தான் நாம் சந்தேகப்படவேண்டும்.

நிற்க. மேடையில் கண்ணைக் கட்டும் வித்தை புதிதல்ல. 1770-ம் வருஷத்தில் கெம்பலன் என்பவர் வியன்னாவில் ஆஸ்திரிய மகாராணியின் அரண்மனையில், தானாகவே சதுரங்கம் ஆடும் யந்திரம் என்று ஒரு பொம்மையைக் காட்டினார். பெட்டியின் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே பல்சக்கரங்கள் தவிர வேறொன்றுமில்லையென்று மெய்ப்பிப்பதுபோல் பாவனை செய்தார். ராஜாக்களும் பிரபுக்களும் அதனிடம் தோற்றார்கள். 1809-ல் நெப்போலியனும் அதனுடன் ஆடினார். உண்மையில் பெட்டிக்குள் ஒரு மனிதன் ஒளிந்துகொண்டிருந்து, ஒரு கதவு திறக்கும்போது மறுபக்கம் நகர்ந்துகொள்வான். 1854-ல் பிலடெல்பியாவில் அது தீயில் வெந்துபோகும்வரை எண்பது வருஷத்துக்கு மேல் இந்த வித்தை நடந்தது. இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வதென்ன? கதவைத் திறந்து காட்டுகிறானே என்பதற்காக நம்பிவிடக் கூடாது. எந்தக் கதவை, எப்போது திறப்பதென்பதைக் காட்டுகிறவனே தீர்மானிக்கும்வரை அது சோதனையல்ல, அவனுடைய வேடிக்கைதான்.

அது பழங்காலத்துக் கதை, இப்போது ஜனங்கள் அவ்வளவு ஏமாறமாட்டார்கள் என்று யாரும் மார்தட்டிக்கொள்ள வேண்டியதில்லை. எலிசபெத் ஹோம்ஸ் என்னும் அம்மையார் 2003-ம் வருஷத்தில் தமது 19-வது வயதில் தெரானோஸ் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார். விரல் நுனியில் குத்தி எடுக்கும் சில சொட்டு இரத்தத்தைக் கொண்டு பலவகைப் பரிசோதனைகளைச் செய்துவிடலாம் என்று சொன்னார். 2014-ல் மருத்துவ மகாநாட்டு மேடையில் ஏறி உருக்கமாகப் பேசினார். அமெரிக்காவின் பழைய மந்திரிகளான கிஸ்ஸிங்கரும் ஷுல்ட்சும் அவருடைய டைரக்டர்களாக உட்கார்ந்திருந்தார்கள். பணம் போட்டவர்களிடமிருந்து 70 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. கம்பெனியின் மதிப்போ சுமார் 900 கோடி டாலர் என்று பேசப்பட்டது. ஆனால் அவருடைய யந்திரத்தின் பெட்டியை மற்ற நிபுணர்கள் திறந்து பார்த்து, அதன் முடிவுகளை வேறு யந்திரத்தின் முடிவுகளோடு ஒத்துப்பார்த்தார்களா என்றால், அதுதான் இல்லை. கேட்டால், தொழில் ரகசியம் என்பது பதில்.

1915 அல்ல, 2015-ம் வருஷம் அக்டோபரில் ஒரு பத்திரிகைக்காரர் விசாரித்து எழுதிய பிறகுதான் குட்டு வெளியாயிற்று. பெரும்பாலான பரிசோதனைகள் கடையில் விற்கும் சாதாரண யந்திரங்களிலேயே நடந்துவந்ததாக வெளிப்பட்டது. 2016-ல் அக்கம்பெனியே தன் சொந்த யந்திரம் கொடுத்த இரண்டு வருஷத்து முடிவுகளைச் செல்லாதென்று ரத்து செய்தது. அதே வருஷம் ஆகஸ்ட் 1-ந் தேதி, இரத்தப் பரிசோதனை நிபுணர்கள் பிலடெல்பியாவில் கூடிய மகாநாட்டில் அந்த அம்மையார் பேச வந்தார். பழைய யந்திரத்தைப்பற்றிய கணக்கைக் கொடுப்பார் என்று நிபுணர்கள் காத்திருந்தார்கள். அவரோ அதை விட்டுவிட்டு வேறொரு புதிய பெட்டியைப்பற்றிப் பேசினார். பழைய மாட்டின் பல் எங்கே என்றால், புதிய மாட்டின் கொம்பைக் காட்டியதுபோலாயிற்று. 2018-ல் கம்பெனி மூடப்பட்டது. 2022 ஜனவரியில் ஜூரிகள் குற்றவாளியென்று தீர்ப்புச் சொன்னார்கள். அவ்வருஷம் நவம்பரில் 11 வருஷம் 3 மாதம் தண்டனை விதிக்கப்பட்டது.

இதில் நம் மனதை உறுத்தும் விஷயம் ஒன்றுண்டு. கர்ப்பமாயிருந்த ஒரு பெண்ணுக்கு, கரு கலைந்துகொண்டிருப்பதாகக் காட்டும் முடிவை அந்தப் பரிசோதனை கொடுத்திருக்கிறது. அவளோ பிறகு நல்ல ஆரோக்கியமான குழந்தையைப் பெற்றாள். அவளே கோர்ட்டில் வந்து சாட்சி சொன்னாள். அப்படியிருந்தும் அந்த அம்மையார் தண்டிக்கப்பட்டது பணம் போட்டவர்களை ஏமாற்றியதற்காகத்தான். நோயாளிகளை ஏமாற்றினாரென்ற குற்றச்சாட்டிலிருந்து அவர் விடுதலையாகிவிட்டார். பணக்காரன் பணத்துக்குக் கணக்கு உண்டு; பரிசோதனைக்குக் கை நீட்டிய பெண்ணின் கண்ணீருக்குக் கணக்கில்லை. ஆகவேதான் சொல்லுகிறோம்: பிறகு கோர்ட்டு பார்த்துக்கொள்ளும் என்று பொதுமக்கள் இருந்துவிடக்கூடாது. கேள்வி மேடையின் முன்பே கேட்கப்படவேண்டும். 2014-ல் கை தட்டியவர்களில் பத்துப் பேர், "முடிவுகளை ஒத்துப்பார்த்த கணக்கு எங்கே?" என்று எழுந்து நின்று கேட்டிருந்தால், அந்தப் பெண்ணுக்கு அந்த வேதனை நேராமலே இருந்திருக்கலாம்.

இன்னொன்றும் பாருங்கள். 2016 டிசம்பரில் நிக்கோலா என்னும் கம்பெனியின் தலைவர் டிரெவர் மில்ட்டன், ஓடக்கூடிய நிலையிலேயே இருப்பதாகச் சொல்லி ஒரு புதுவகை லாரியை மேடையில் நிறுத்தினார். அது தன் சக்தியால் ஓடக்கூடிய லாரியாகவே இல்லை. பின்னர் அது சாலையில் ஓடுவதாக ஒரு படமும் வெளியிட்டார்கள். உண்மையில் அதைச் சரிவான சாலையில் மேலிருந்து உருளவிட்டுத்தான் படம் எடுத்திருந்தார்கள். மேட்டிலிருந்து தள்ளிவிட்டால் ஆட்டுக்கல்லுந்தான் ஓடும்! 2022-ல் அவர் குற்றவாளியென்று தீர்ப்பாயிற்று. 2023-ல் நாலு வருஷ தண்டனை விதிக்கப்பட்டது. 2025-ல் ஜனாதிபதியின் மன்னிப்பும் கிடைத்துவிட்டது. லாரியின் பங்கை வாங்கி நஷ்டமடைந்த சாதாரண ஜனங்களுக்கு மன்னிப்புக் கொடுத்து என்ன பயன்?

இவ்வளவுக்கும் காரணமென்ன? ஜனங்கள் மேடையை மேடையாகப் பார்க்காமல் சன்னிதானமாகப் பார்ப்பதுதான் காரணம். விளக்கை அணைத்து, ஒரே ஆள்மீது வெளிச்சம் போட்டு, சங்கீதம் முழக்கி, புரியாத வார்த்தைகளை அடுக்கினால், கேட்கிறவனுக்குத் தன் அறிவின்மேலேயே சந்தேகம் வந்துவிடுகிறது. "எனக்குப் புரியவில்லை" என்று சொன்னால் மட்டமாக நினைப்பார்களோ என்று பக்கத்திலிருப்பவனைப் பார்க்கிறான். அவனும் புரியாமலே தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறான். இப்படி ஆயிரம் பேர் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டுவதற்கு ஏகமனதான ஆதரவு என்று பெயர் வந்துவிடுகிறது.

"புதுக் காரியம் செய்ய வருகிறவன் ஆரம்பத்தில் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லவேண்டியிருக்கும். இன்று இல்லாததை இருப்பதாகச் சொல்லிப் பணம் வாங்கினால்தானே நாளைக்கு அதைச் செய்யமுடியும்?" என்று ஒரு சமாதானம் சொல்லுகிறார்கள். இது எப்படி இருக்கிறதென்றால், சினை மாட்டைக் கறவை மாடென்று விற்றுவிட்டு, கன்று போட்டதும் கறக்கத்தானே போகிறது என்பதுபோல் இருக்கிறது. சினை மாட்டைச் சினை மாடென்றே சொல்லி விற்கலாமே! அதற்கும் வாங்குகிறவன் உண்டு, விலையும் உண்டு. வரப்போவதை வரப்போவதென்றும், இருப்பதை இருப்பதென்றும் பிரித்துச் சொன்னால் எந்தத் தொழிலும் கெட்டுப்போகாது.

உண்மையைக் காட்டியவனுக்கு உலகம் எப்போதும் கூலி கொடுத்துவிடுகிறதென்றும் நாம் சொல்லவில்லை. மவுஸைக் கொண்டுவந்த எங்கெல்பார்ட்டுக்கு அதற்காக ராயல்டி ஒன்றும் கிடைக்கவில்லை. அதன் பேடண்டு உரிமை ஆராய்ச்சி நிலையத்துக்குச் சொந்தம். கம்ப்யூட்டர் தொழிலின் மிகப்பெரிய பரிசான டூரிங் பரிசு 1997-ல்தான் அவருக்கு வந்தது. 2013-ல் இறந்துபோனார். ஆனால் அவர் 90 நிமிஷத்தில் காட்டியவைகளில் பெரும்பாலானவை இன்று உலகம் முழுவதும் நடைமுறையில் இருக்கின்றன. மறைத்தவர்களுடைய பெட்டிகளோ குப்பைக்குப் போய்விட்டன.

ஆகவே, நம் வாலிபர்களில் எத்தனையோ பேர் இப்போது இம்மாதிரி மகாநாடுகளில் பேசக் கிளம்பியிருப்பதால், அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவுதான். உங்களிடம் இருப்பதைக் காட்டுங்கள். நிஜமாக ஓடுவதை ஓட்டிக் காட்டுங்கள். ஓடாததை இன்னும் ஓடவில்லையென்று நீங்களே சொல்லுங்கள். சாமான் பட்டியலைப்போல் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். புரியாத வார்த்தையால் மரியாதை சம்பாதிக்காதீர்கள். எப்படிச் செய்தீர்களென்பதை எழுதிக் கொடுத்துவிடுங்கள். பேச்சைச் சுருக்கிக் கேள்விக்கு நேரம் வையுங்கள். உங்களைக் கேள்வி கேட்கிறவன் உங்கள் விரோதியல்ல. உங்களுக்குச் சம்பளமில்லாமல் வேலை செய்கிறவன்.

கேட்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. டிக்கெட்டு வாங்கிக்கொண்டு கை தட்டத்தான் போகிறோமென்றால் அதற்கு நாடகக் கொட்டகை இருக்கிறது. மகாநாட்டுக்குப் போனால் கேட்கவேண்டியது: இது உங்கள் கை படாமல் வேறொருவர் கையிலும் ஓடுமா? யார் சோதித்தார்கள்? எத்தனை தடவை தவறிற்று? தவறினால் யாருக்கு நஷ்டம்? இந்த நாலு கேள்விக்குக் கம்ப்யூட்டர் படிப்பு வேண்டியதில்லை. சந்தைக்குப் போகும் குடியானவனின் புத்தி இருந்தால் போதும். பேசுகிறவர் எவ்வளவு பெரியவராயிருந்தாலும், அவருக்குப் பின்னால் எவ்வளவு பெரிய மந்திரிகள் உட்கார்ந்திருந்தாலும், பல்லைப் பார்க்காமல் கயிற்றைக் கையில் வாங்கக் கூடாதென்பதே நமது அபிப்பிராயமாகும்.